ரோதமுனியின் நூற்று எண்பத்தொன்பது புள்ளிகள்

என்னை இலங்கைக்கு அனுப்பியது ஒரு போட்டி. எண்பதுகளின் தொடக்கம். கோயம்புத்தூரில் நான் இருந்த பட்டறையின் முதலாளி ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம் வாங்க நினைத்தார். விற்க இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் பெங்களூரிலிருந்து டை கட்டிக்கொண்டு வந்த ஏஜெண்டு. அவருடையது வெளிநாட்டுச் சரக்கு. இன்னொருவர் உள்ளூர்க் கல்லூரி வாத்தியார், ஸ்கூட்டரில் வந்தார், தானே உட்கார்ந்து எழுதியது என்றார். இரண்டும் செய்கிற வேலை ஒன்றுதான். ஒரு பொருளின் வளைவை எண்களாகக் கொடுத்தால், வெட்டும் மெஷின் எந்தப் பக்கம் எவ்வளவு நகர வேண்டும் என்று கணக்குப் போட்டு, காகித நாடாவில் துளைகளாக அடித்துத் தரும். மெஷின் அந்த நாடாவைப் படித்து வெட்டும்.

சாதாரண மெஷினுக்கு இடம் வலம், முன் பின், மேல் கீழ் என்று மூன்று அசைவுகள்தான். முதலாளி கண் வைத்திருந்த மெஷினில் மேசையும் சுழலும், சாயும். ஐந்து அச்சு என்பார்கள். அது ஒரு பயிற்சிக்கூடத்தில் இருந்தது; முறை வைத்து வாடகைக்கு விட்டார்கள். குழிந்து முறுக்கிய பொருளை வெட்ட அது ஒன்றுதான் வழி.

“ஒரே பொருளை ரெண்டு பேருக்கும் குடுப்போம். எவருது சரியா வருதோ அவருதை வாங்கறது” என்றார் முதலாளி. பொருளுக்கு எங்கே போவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, இலங்கையில் மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து கடிதம் வந்தது. அவர்கள் ஃபேக்டரிக்கு மின்சாரம் கொடுத்துவந்த தண்ணீர்ச் சக்கரம் உடைந்துவிட்டது. செய்த வெள்ளைக்காரக் கம்பெனி இப்போது இல்லை. வரைபடமும் இல்லை. யாராவது வந்து அளந்து புதிதாகச் செய்து தர முடியுமா என்று கேட்டிருந்தார்கள்.

என்னைத் தேர்ந்தெடுக்கக் காரணங்கள் இரண்டு. ஏழாம் வகுப்போடு ஓடிவந்தவன் என்றாலும் எண்களைத் தெளிவாக எழுதுவேன். இரண்டாவது, என்னிடம் பாஸ்போர்ட் இருந்தது. வளைகுடாவுக்குப் போவதற்காக எடுத்து, ஏமாந்து, பெட்டிக்கு அடியில் கிடந்தது. பம்பாயில் ஓட்டலில் தட்டு கழுவினேன், லாரியில் கிளீனராக ஆந்திரா முழுக்கச் சுற்றினேன், கல்குவாரியில் இருந்தேன். கடல் தாண்டியதில்லை. போகிறாயா என்றதும் சரி என்றேன்.

மலைநாட்டு அட்டனில் ரயிலைவிட்டு இறங்கியபோது மழையும் வெயிலும் ஒன்றாக இருந்தன. முதலில் ஒரு கடையில் தேநீர் கேட்டேன். பால் இல்லாமல், ஒரு கையில் கிளாசும் மறு உள்ளங்கையில் ஒரு துண்டுச் சக்கரையுமாகக் கொடுத்தார்கள். பக்கத்தில் இருந்தவர் எப்படி நக்கி நக்கிக் குடிக்கிறார் என்று பார்த்து நானும் குடித்தேன். கண்ணுக்கு எட்டிய மலையெல்லாம் தேயிலை. ஆனால் கிளாசில் இருந்தது தூசி. நல்லதெல்லாம் கப்பல் ஏறிவிடும் என்றார் கடைக்காரர். எங்கள் ஊர் டீக்கடையில் இதைவிட நல்ல தேயிலை கிடைக்கும் என்று சொல்ல வாயெடுத்து, சொல்லவில்லை.

என் கையில் ஒரு மரச்சட்டம் இருந்தது. நானே செய்தது. ஒன்பது வரிசை, வரிசைக்கு இருபத்தொரு துளை. அளக்க வேண்டிய பொருளின்மேல் அதை அசையாமல் பொருத்தி, ஒவ்வொரு துளையிலும் ஒரு எஃகுக் குச்சியை இறக்கி, மேலே எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று பார்த்தால் அந்த இடத்தின் ஆழம் தெரிந்துவிடும். நூற்று எண்பத்தொன்பது எண்கள். அவ்வளவுதான் என் படிப்பு.

மஸ்கெலியா பஸ்ஸில் அந்தச் சட்டத்தை எங்கே வைப்பது என்று ஒரு சண்டை. கண்டக்டர் சிங்களத்தில் ஏதோ சொன்னார். பின்னால் இருந்த ஒரு பெண் அதைத் தமிழில் சொன்னாள்: “ஜன்னலைத் தனியா கொண்டு போறீங்களே, வீடு அடுத்த பஸ்ஸில வருதான்னு கேக்குறாரு.” பஸ் முழுக்கச் சிரித்தது. சட்டம் கூரைமேல் போயிற்று. பாதி ஏற்றத்தில் ரேடியேட்டர் கொதித்து பஸ் நின்றுவிட்டது. தண்ணீர் ஊற்றியதும் அது காலியாக ஊர்ந்து ஏற, எல்லோரும் இறங்கி, பேசிக்கொண்டே, பின்னால் நடந்தோம். யாரும் டிரைவரைத் திட்டவில்லை. எங்கள் ஊரில் இதற்குள் இரண்டு கட்சி சேர்ந்திருக்கும்.

மழையில் நனைந்து சட்டத்தின் துளைகள் இறுகிவிட்டன. குச்சி இறங்கவில்லை. முதல் நாள் வேலையே அதைக் காயவைப்பதுதான் ஆயிற்று. ஃபேக்டரி டீசல் எஞ்சினில் பாதி மெஷின்களோடு ஓடிக்கொண்டிருந்தது; அங்கே இலை வாட்டும் சூட்டறைக்குப் பக்கத்தில் சாய்த்துவைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் செபஸ்தியான் வந்தார்.

அந்தச் சக்கரத்தைப் பார்த்துக்கொள்பவர் அவர்தான். நாற்பது வயதிருக்கும். மேல்சட்டைப் பையில் மரப்பிடி போட்ட ஸ்க்ரூடிரைவர் ஒன்று. பேனா மாதிரி அதைக் குத்தியிருந்தார். சக்கரம் ஓடுகிற காலத்தில் அதன் முனையை இரும்பில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்பாராம். எந்தப் பேரிங் நாளை கெடும் என்று இன்றைக்கே சொல்வார் என்று டீமேக்கர் சொன்னார். டீமேக்கர் என்றால் ஃபேக்டரியின் பொறுப்பாளர். சிங்களவர், ஆனால் தோட்டத்து ஆட்களைப் போலவே தமிழ் பேசினார்.

உடைந்த சக்கரத்தைக் காட்டினார்கள். இங்கே அதை ரோதை என்கிறார்கள். சுற்றிலும் கரண்டி கரண்டியாக இதழ்கள். வாழைப்பூ மடலை உட்புறம் பார்ப்பதுபோல் குழிந்து முறுக்கியிருந்தன. தண்ணீர் அந்தக் குழிவில் அடித்துத்தான் சுற்றும். மூன்று இதழ்கள் இல்லை. மற்றவையும் தேய்ந்து, தகரமாக மெலிந்து, செபஸ்தியான் வைத்த பற்றுகளால் அம்மைத்தழும்பு முகம்போல் இருந்தன. “இனி பத்து வைக்க இரும்பு வேணுமே தம்பி, ஓட்டைக்கா பத்து வைக்கிறது?” என்றார். இதை அளந்து பயனில்லை என்று பார்த்ததுமே தெரிந்தது. அச்சில் மாட்டும் நடுப்பகுதியை மட்டும் அளந்து எழுதிக்கொண்டேன்.

அன்று மதியம் லயத்தில் அவர் வீட்டில் சாப்பிட்டேன். லயம் என்பது ஒரே கூரையின் கீழ் பன்னிரண்டு வீடுகள். ஒவ்வொன்றும் ஓர் அறை. கோதுமை ரொட்டியும், மாசிக் கருவாடு போட்டு இடித்த சம்பலும். அவர் மனைவி ரீத்தா கொழுந்து பறிக்கிற வேலையிலிருந்து இடைநேரத்துக்கு வந்து, ஈரச் சாக்கை இடுப்பிலிருந்து அவிழ்க்காமலே பரிமாறினார். மூலையில் ரீத்தாவின் தாயார் படுத்த படுக்கையாக இருந்தார். சுவரில் அந்தோனியார் படம்.

சாப்பிட்டு முடித்ததும் செபஸ்தியான் ஒரு தகரப் பெட்டியிலிருந்து தாள்களை எடுத்தார். “நீங்க இந்தியாக்காரரு. படிச்சுச் சொல்லுங்க, இதுல வேற ஏதாச்சும் வழி எழுதியிருக்கா?”

வழி இருக்கவில்லை. இரண்டு நாட்டு அரசாங்கங்களும் ஒப்பந்தம் போட்டு இந்த மக்களைப் பங்கு பிரித்தபோது, செபஸ்தியானின் அப்பா வீட்டார் எல்லோருக்கும் இந்தியாவுக்கு மனு எழுதியிருந்தார். ரீத்தாவின் அப்பா இங்கேயே இருக்க எழுதியிருந்தார். இருவரும் கல்யாணம் செய்துகொண்டது அதற்குப் பிறகு. மனுக்கள் மெதுவாக நகர்ந்து, அவருக்கு இந்தியப் பாஸ்போர்ட்டும் ரீத்தாவுக்கு இலங்கைப் பிரஜாவுரிமையும் வந்து சேர்ந்தன. படுத்திருந்த தாயாருக்கு எந்த நாடும் இல்லை. எந்தத் தாளும் வரவில்லை. அவரைத் தூக்கிக்கொண்டு கப்பல் ஏற முடியாது, விட்டுவிட்டு மகளும் போக முடியாது. செபஸ்தியான் இங்கே இருக்கக் கொடுத்திருந்த அனுமதி ஆடி மாதத்தோடு முடிகிறது. அப்போது சித்திரை முடிந்துகொண்டிருந்தது.

“தொரை ஒரு வாக்குக் குடுத்துருக்காரு” என்றார். துரை என்பது தோட்டத்தின் மேலாளர். சக்கரம் சுற்றினால், இந்த ஆள் இல்லாமல் அதை வைத்துக்கொள்ள முடியாது, இன்னும் இரண்டு வருஷம் விடுங்கள் என்று கொழும்புக்குக் கடிதம் எழுதுவாராம். “ரோதை நின்னு கெடக்கையில ரோதைக்காரன் எதுக்குன்னுதானே கேப்பாங்க. ஆடிக்குள்ள சுத்திருச்சுன்னா போதும்.”

ரீத்தா கோப்பைகளை எடுத்துக்கொண்டே சொன்னார்: “அவுங்க ரோதையைப் பத்திப் பேசுனா சோறு தண்ணி வேணாம். நீங்க எந்திரிங்க தம்பி, கேட்டுக்கிட்டு இருந்தா விடிஞ்சுரும்.”

நான் சீக்கிரம் முடித்துவிடலாம் என்றேன். அப்போது எனக்கு அதில் சந்தேகம் இருக்கவில்லை.

இரண்டாம் நாள் காலை, அளப்பதற்கு இன்னொரு சக்கரம் இருக்கிறது என்றார் செபஸ்தியான். ஆனால் அது சாமி.

ஃபேக்டரிக்குப் பின்னால் ஓடைக்கரையில் ஒரு மரத்தடி. கல்மேல் நிமிர்த்தி வைத்த ஒரு சக்கரம், கல்லோடு சேர்த்து இடுப்புயரம். முன்னால் சூலம், காய்ந்த பூமாலை. முழுக்கக் கறுப்பாக, பளபளவென்று எண்ணெய்ப் பிசுக்கு. ரோதமுனி என்றார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் இரண்டு சக்கரங்கள் ஒன்றாக வந்தன. ஒன்றை மாட்டுவண்டியில் ஏற்றும்போது வண்டி சரிந்து, அடியில் இரண்டு பேர் செத்துப்போனார்கள். சக்கரத்தின் நடுப்பகுதி பிளந்துவிட்டது. ஓடவே ஓடாத அந்தச் சக்கரத்தை அங்கேயே நட்டு, மெஷினில் யார் கையும் போய்விடக் கூடாது என்று வெள்ளிக்கிழமை தோறும் எண்ணெய் ஊற்றிக் கும்பிட்டு வருகிறார்கள். இதுபோல் பல ஃபேக்டரிகளில் ஒரு ரோதமுனி உண்டாம்.

ஓடாத சக்கரம் என்றால் இதழ் தேயாத சக்கரம். எனக்கு வேறென்ன வேண்டும்?

பூசாரி வீரமலை, ஃபேக்டரியில் இலை உருட்டும் மெஷினில் நிற்கிறவர். அவர் அரைமணி யோசித்தார். சட்டம் வைக்கலாம், குச்சியால் தொடலாம், ஆனால் எண்ணெயைச் சுரண்டக் கூடாது என்றார். “நாப்பது வருசமா ஊத்துன எண்ணெ. அது அழுக்கில்ல, அது அவரு தோலு.” எண்ணெய் எவ்வளவு தடிமன் என்று தெரிந்துகொள்ள ஊசியால் குத்திப் பார்க்கலாமா என்று கேட்டேன். மூன்று இடத்தில் மட்டும் குத்திக்கொள்ளச் சொன்னார். செபஸ்தியான் அந்தோனியாரைக் கும்பிடுகிறவர். ஆனாலும் செருப்பைக் கழற்றிவிட்டு, சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

இதழின் விளிம்பில் மூன்று இடத்தில் குத்தினேன். மூன்றிலும் ஒரு மில்லிமீட்டர். எல்லா இடத்திலும் அவ்வளவுதான் என்று வைத்துக்கொண்டு, நூற்று எண்பத்தொன்பது எண்களிலும் ஒன்றைக் கழித்தேன். இரண்டு நாள் ஆயிற்று. நடுநடுவே மழை. ரீத்தா மலைமேல் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்களோடு நின்று ஒருமுறை எட்டிப் பார்த்தார். அந்தப் பெண்களில் ஒருத்தி, முனிக்குச் சட்டை தைக்க அளவெடுக்கிறாங்களா என்று கத்திக் கேட்டாள். கங்காணி அவளை ஏதோ அதட்டினார்.

கிளம்பும்போது குச்சியோடு சட்டத்தை அங்கேயே விட்டுவந்தேன். அதைப் பஸ்ஸில் மறுபடி ஏற்ற எனக்குப் பலமில்லை. செபஸ்தியான் அதைத் துடைத்து, வீட்டுச் சுவரில் அந்தோனியாருக்குப் பக்கத்தில் மாட்டினார்.

கோயம்புத்தூரில் போட்டி நடந்தது. ஒரே நோட்டுப் புத்தகம் இருவருக்கும் போயிற்று. ஒரு இதழை மட்டும் அலுமினியத்தில் வெட்டிப் பார்ப்பது என்று ஏற்பாடு.

ஏஜெண்டின் நாடாவை முதலில் ஓட்டினோம். நாடா சின்னது. மேசை மெதுவாகச் சாய்ந்து, சுழன்று, வெட்டுளி ஒரே இழுப்பாக இழுத்துக்கொண்டு போயிற்று. பார்க்க அழகு. வெளியே எடுத்தபோது இதழ் சோப்புக்கட்டி போல் வழவழவென்று இருந்தது. முதலாளி அதைக் கையிலிருந்து கீழே வைக்கவில்லை. இதுதான், முடிந்தது என்றார். ஆனால் வாத்தியாருக்குக் கொடுத்த வார்த்தை இருக்கிறதே. மெஷினில் அடுத்த முறை கிடைக்கப் பதினெட்டு நாள் காத்திருந்தோம். நான் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனி பிறந்துவிட்டது. ஓர் அலுமினியத் துண்டுக்காக இந்தக் காத்திருப்பா என்று முதலாளியிடம் ஒருதரம் கேட்டேன். வாங்குகிறது இன்று, வைத்துக்கொண்டு மாரடிப்பது பத்து வருஷம், பார்த்துத்தான் வாங்க வேண்டும் என்றார். அவர் சொன்னதும் சரிதான்.

வாத்தியாரின் நாடா அறை முழுக்கச் சுருண்டு கிடந்தது. மேசை ஒவ்வொரு புள்ளிக்கும் வெட்டி வெட்டித் திரும்பியது. ஒருமுறை வெட்டுளி மேசையின் பிடிப்பில் இடிக்கப் போய், ஆபரேட்டர் சிவப்புப் பொத்தானை அமுக்கினார். வாத்தியார் வியர்வையைத் துடைத்துக்கொண்டு ஓரிடத்தைத் திருத்தினார். கடைசியில் வந்த இதழ் தேரைத்தோல் மாதிரி இருந்தது. மேடும் பள்ளமும். ஏஜெண்டு சிரிக்கவில்லை, அவ்வளவு மரியாதை தெரிந்தவர். டையைச் சரிசெய்துகொண்டார்.

இரண்டு புரோகிராமுக்கும் உள்ள வித்தியாசத்தை வாத்தியார்தான் விளக்கினார். ஏஜெண்டுடையது கொடுத்த புள்ளிகளுக்கு நடுவே தனக்குப் பிடித்த ஒரு வழவழப்பான பரப்பை விரித்துக்கொள்கிறது. ஒரு புள்ளி துருத்திக்கொண்டிருந்தால் அமுக்கிவிடுகிறது. தன்னுடையது கொடுத்ததை அப்படியே நம்பி, ஒவ்வொரு புள்ளியையும் தொட்டுக்கொண்டு போகிறது. “மேடு என் புரோகிராமில் இல்லைங்க. உங்க நோட்டில் இருக்கு” என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

அந்த அசிங்கமான துண்டைக் கையில் எடுத்து விரலால் தடவினேன். மேடுகள் சும்மா இல்லை. விளிம்பிலிருந்து குழிவை நோக்கி வரிவரியாக இறங்கின. அடியில் ஒன்றுகூடி, குழம்பு தேங்கியதுபோல் தடித்திருந்தன. எனக்கு அந்த மரத்தடி ஞாபகம் வந்தது. நிமிர்ந்து நிற்கிற சக்கரம். மேலே எண்ணெய் ஊற்றுகிறார்கள். அது வழிந்து குழிவில்தான் போய்த் தங்கும். விளிம்பில் ஒரு மில்லிமீட்டர் என்றால் குழிவின் அடியில் நாலோ ஐந்தோ இருந்திருக்கும். நான் அளந்தது இதழை இல்லை, நாற்பது வருஷத்து வெள்ளிக்கிழமைகளை.

முதலாளியிடம் சொன்னேன். அவர் ஏஜெண்டின் வழவழத்த துண்டை எடுத்துப் பார்த்தார். “அப்ப இதுவும் தப்பா?”

“இதுவும் தப்புதாங்க. தெரியாம இருக்கு, அவ்வளவுதான்.”

அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். செபஸ்தியானுக்குக் கடிதம் எழுதினேன். எல்லாவற்றையும் உள்ளபடி எழுதினேன். சட்டம் உங்கள் வீட்டில் இருக்கிறது, எண்ணெய் இல்லாத இதழ் வேண்டும், என்ன செய்வீர்கள் என்று தெரியவில்லை என்றும் எழுதினேன்.

பதில் வர மூன்று வாரமாயிற்று. பள்ளிக்கூடத் தாளில் ஒன்பது வரிசை, வரிசைக்கு இருபத்தொரு எண். ஓர் எண்ணும் அடித்து எழுதவில்லை. கீழே இரண்டு வரி: “முனியை ஒரு இதழ்ல சுரண்டிட்டேன். வீரமலை அண்ணன்கிட்ட சொல்லிட்டுச் சுரண்ட எனக்குத் தைரியம் வரலை.”

அந்த எண்களை ஏஜெண்டின் புரோகிராமில்தான் போட்டோம். தண்ணீர் அடிக்கிற இதழ் வழவழப்பாகத்தான் இருக்க வேண்டும் என்று வாத்தியாரே சொன்னார். முதலாளி வெளிநாட்டுச் சரக்கை வாங்கினார். வாத்தியார் ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டே, “என்னுதை வச்சுத் தப்பைக் கண்டுபிடிச்சுட்டு அவருதை வாங்கறீங்க, நல்லா இருங்க” என்று சிரித்துவிட்டுப் போனார். வெண்கலத்தில் முழுச் சக்கரமும் வெட்டி முடிந்தபோது ஆடி பாதிக்கு மேல் ஓடிவிட்டது. அதைப் பெட்டியில் அடைத்துக்கொண்டு நானே கிளம்பினேன்.

தலைமன்னாரில் இறங்கியபோது, நான் வந்த கப்பலிலேயே ஏறுவதற்கு எதிர்ப்பக்கம் ஒரு வரிசை நின்றது. தகரப் பெட்டிகள், அலுமினியப் பானைகள், துணியில் கட்டிய அம்மி, ஒரு தையல் மெஷின் தலை. மலையிலிருந்து போகிறவர்கள். சிலர் அழுதுகொண்டிருந்தார்கள், பெரும்பாலும் சும்மா நின்றார்கள். நான் முகங்களைப் பார்க்கவில்லை. என் பெட்டியைச் சுங்கத்தில் பிரிக்கச் சொன்னார்கள். வெண்கலத்தில் கீறல் விழுந்துவிடுமோ என்ற கவலையில் முதுகைக் காட்டிக்கொண்டு அதன்மேல் குனிந்திருந்தேன். ஒரு அதிகாரி, கோயில் மணியா என்று கேட்டார்.

தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது ஆடி முடிய இன்னும் மூன்று நாள் மிச்சம். ஃபேக்டரி வாசலில் டீமேக்கர் நின்றிருந்தார். பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“அந்த மனுஷனை அனுப்பிட்டாங்க” என்றார்.

கடைசித் தேதி வரைக்கும் விடமாட்டார்களாம். கப்பலில் இடம் கிடைக்கிற நாளைப் பார்த்துச் சீட்டு எழுதிவிடுவார்களாம். துரை கடிதத்தைத் தட்டச்சு செய்து மேசையில் வைத்திருந்தார். சக்கரம் வந்ததும் தேதி போடலாம் என்று இருந்தார். அட்டன் ஸ்டேஷனில் லயமே போய் நின்று கோச்சியில், அதாவது ரயிலில், ஏற்றிவிட்டது. எந்தக் கப்பல் என்று கேட்டேன். சொன்னார். நான் வந்திறங்கிய கப்பல்.

செபஸ்தியான் வரிசையில் நின்று என் முதுகைப் பார்த்திருப்பார். அல்லது பார்த்திருக்க மாட்டார். பெட்டியைப் பார்த்திருந்தால் கூப்பிட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு நாளில் சக்கரத்தை மாட்டினோம். வீரமலைதான் கூட நின்றார். அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்றிருந்தது. சுரண்டச் சொல்லி எழுதியது நான்தான், அளவைத் தப்பாக எடுத்ததும் நான்தான் என்றேன். லயத்தில் சிலர் முனியைச் சுரண்டியதால்தான் செபஸ்தியானுக்கு இப்படி ஆயிற்று என்று பேசிக்கொள்வது என் காதிலும் விழுந்திருந்தது.

அவர் போல்ட்டை முறுக்கிக்கொண்டே இருந்தார். முடித்துவிட்டுச் சொன்னார்: “அடுத்த வெள்ளிக்கெழமையே பாத்துட்டேன் தம்பி. ஒரு இதழ் மட்டும் பளபளன்னு இருந்துச்சு. அவன்கிட்ட கேக்கல. அது மேலயே எண்ணெய ஊத்திட்டேன்.” ஸ்பேனரைத் துடைத்து வைத்துவிட்டு, “அவனைக் கூட்டிட்டுப் போனது முனியில்ல. காயிதம்” என்றார்.

தண்ணீரைத் திறந்தார்கள். சக்கரம் ஒரு சுற்று யோசித்து, பிறகு பிடித்துக்கொண்டது. ஃபேக்டரியில் விளக்குகள் மஞ்சளாகி வெளுத்தன. கைதட்டினார்கள். துரை வந்து பார்த்துவிட்டுப் போனார். ஆட்டம் இருக்கிறதா என்று பார்க்க, ஒரு தகரக் குவளையில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றி மேடைமேல் வைத்தேன், சிந்தவில்லை. யாரிடமோ ஸ்க்ரூடிரைவர் வாங்கி, முனையை இரும்பில் வைத்துப் பிடியைக் காதில் வைத்துப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரே சீரான இரைச்சல்.

ரீத்தா வரவில்லை. ஃபேக்டரிக்கு மேலே உள்ள மலையில்தான் அன்றைக்குக் கொழுந்து. சக்கரம் சுற்றத் தொடங்கிய சத்தத்துக்கு எல்லாப் பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் மட்டும் முதுகு காட்டிப் பறித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் கிளம்புமுன் லயத்துக்குப் போனேன். தேத்தண்ணி கொடுத்தார், சக்கரையோடு. சுவரில் என் சட்டம் அப்படியே இருந்தது. படுத்திருந்த தாயார், மருமகன் வேலைக்குப் போய்விட்டாரா என்று கேட்டார். போயிட்டாங்கம்மா என்றார் ரீத்தா. என்னிடம், அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை என்று கையால் காட்டினார். சக்கரம் நன்றாகச் சுற்றுகிறது, வந்து பாருங்கள் அக்கா என்றேன்.

“அவுங்க இல்லாம அது சுத்துனா எனக்கென்ன, நின்னா எனக்கென்ன” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பிறகு உள்ளே போய்ச் செய்தித்தாளில் மடித்த ஒரு சின்னப் பொட்டலம் எடுத்துவந்தார். “மண்டபம் கேம்புலதான் இருப்பாங்களாம். குடுத்துருங்க. மறந்து வச்சுட்டுப் போயிட்டாங்க.”

மண்டபத்தில் கப்பலிலிருந்து வருகிறவர்களைக் கொஞ்ச நாள் வைத்திருந்து, எங்கே அனுப்புவது என்று முடிவுசெய்வார்கள். மணலும் பனையும் வெயிலும். அட்டன் குளிரிலிருந்து வந்த எனக்கே மூச்சு முட்டியது. கம்பளிச் சட்டை போட்டவர்கள் நிழல் தேடி உட்கார்ந்திருந்தார்கள். குழாயடியில் விசாரித்துக் கண்டுபிடித்தேன். செபஸ்தியான் ஒரு கொட்டகைக்கு வெளியே, யாருடைய ஸ்டவ்வையோ பிரித்துப் போட்டுச் சரிசெய்துகொண்டிருந்தார். பையில் அந்த ஸ்க்ரூடிரைவர்.

என்னைப் பார்த்து எழுந்தார். நான் பதினெட்டு நாளைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். வாத்தியாருடையதை முதலில் வெட்டியிருந்தால் என் தப்பு அன்றைக்கே தெரிந்திருக்கும், சக்கரம் நேரத்துக்கு வந்திருக்கும் என்றேன். அவர் அதைக் கேட்டுக்கொண்டாரா தெரியவில்லை. பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே ஒரு கறுத்த துண்டு. உள்ளங்கையளவு, குழிந்து முறுக்கி, இதழின் வடிவம் அப்படியே. முனியிடமிருந்து சுரண்டிய எண்ணெய்ப் பிசுக்கு. உடையாமல் முழுசாகப் பெயர்த்திருந்தார். தூக்கிப்போட மனம் வராமல் வைத்திருந்தாராம். முகர்ந்து பார்த்துவிட்டு மறுபடி மடித்தார்.

“சுத்துதா?” என்றார்.

“சுத்துதுண்ணே.”

“ஆட்டம்?”

“இல்லை. குவளையில தண்ணி வச்சுப் பாத்தேன், ஒரு சொட்டு சிந்தல.”

தலையை ஆட்டினார். ஸ்டவ்வின் திருகாணி ஒன்றை எடுத்து, ஊதி, சட்டையில் துடைத்தார்.

“ரீத்தா வந்து பாத்துச்சா?”

“பாத்தாங்கண்ணே” என்றேன். “ரொம்ப நேரம் நின்னு பாத்தாங்க.”